மூடியில் எழுதிய பெயர்

எங்கள் ஆய்வகத்தில் ஒரே ஒரு சட்டம்தான். அதைப் போட்டவள் நான். செல் வளர்க்கும் தட்டின் அடியில்தான் பெயர் எழுத வேண்டும், மூடியில் எழுதக் கூடாது. மூடிக்கு என்ன, இன்றைக்கு இந்தத் தட்டில் இருக்கும், நாளைக்கு அடுத்த தட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். மீறினால் ஒரு வாரம் எல்லோருடைய பாட்டில்களையும் கழுவ வேண்டும். போன மாதம் என்னுடன் வேலை செய்கிறவள் மாட்டினாள். அவளுக்கு நான் வைத்த பெயர் மௌனம். ஒரு நாளில் நாலு வார்த்தை பேசினால் அதிசயம். நான் விட்ட டோஸில், பாவம், மூக்கு சிவந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை புரொபசர் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்காமலே கத்தினார்.

"வந்து பாரும்மா! அடங்கிடுச்சு!"

நல்ல செல்லுக்கு 'வளரு' என்று வெளியிலிருந்து சேதி வரும். வாசல் மணி அடித்த மாதிரி. சேதி உள்ளே கைமாறிக் கைமாறி நடுவில் இருக்கும் கருவுக்குப் போகும், செல் இரண்டாகும். பக்கத்துச் செல் உரசியதும் 'போதும்' என்று இன்னொரு சேதி, அடங்கிவிடும். நோய்ச் செல்லில் மணிப்பொத்தான் அமுங்கியபடியே ஒட்டிக்கொண்டிருக்கும். வாசலில் ஒரு ஈ காக்கா கிடையாது, மணி மட்டும் ஓயாது. செல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் குவியும். கட்டி என்கிறோமே, அது இதுதான். புரொபசரின் மருந்து அந்தச் சேதியை வழியிலேயே மறிக்க வேண்டும். நாலு வருட உழைப்பு. வெள்ளிக்கிழமை பணம் தரும் குழுவிடம் காட்டாவிட்டால் ஆராய்ச்சிக்கே மூடுவிழா.

பார்த்தேன். செல்கள் ஒரே அடுக்காகச் சமர்த்தாகப் படுத்திருந்தன. சந்தோஷத்தில் தட்டைத் தூக்கினேன். அடியில் ஒன்றுமே இல்லை. மூடியில் 'நோய்' என்று இருந்தது. கையெழுத்து என்னுடையது.

போன வாரம் நல்ல செல் ஒரு தட்டு, நோய்ச் செல் ஒரு தட்டு வைத்திருந்தேன். இரண்டையும் திறந்து பழைய திரவத்தை மாற்றும்போது நாத்தனாரிடமிருந்து போன். ஸ்பீக்கரில் சண்டை போட்டுக்கொண்டே மூடினேன். எந்த மூடி எதற்குப் போனதோ, ஆண்டவனுக்கே வெளிச்சம். கொஞ்சமாக இருக்கும்போது இரண்டு செல்லும் பார்க்க ஒரே மாதிரிதான். 'நோய்' மூடி இருந்ததில் மருந்து விட்டேன். மற்றதை மௌனம் அன்றே வேறு சோதனைக்கு அரைத்துவிட்டாள். இது நல்ல செல்லாக இருந்தால்? தானாகவே அடங்கும் செல்லைப் பார்த்து மருந்து கேட்டுவிட்டது என்று குதிக்கிறோம்!

வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் நாளைக்கு எவரோ ஒருவர் இதை நம்பித்தானே மருந்தை விழுங்குவார்?

"சார், நான் மூடியில எழுதிட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அப்போ இது எந்த செல்லு?"

"தெரியல சார்." அழுகை வந்துவிட்டது.

"மருந்தைக் கழுவிப் பாக்கலாமே," என்றாள் மௌனம்.

அட! மருந்து போனதும் மறுபடி ஏறிக் குவிந்தால் அது நோய்ச் செல், மருந்துதான் அடக்கியிருக்கிறது. சும்மா கிடந்தால் எங்கள் கதை முடிந்தது. அப்போதே கழுவினேன்.

சட்டம் எனக்கும்தான்; அன்றிலிருந்து மூன்று நாளும் பாட்டில் கழுவினேன். யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. வீட்டில் கணவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "என்ன, காய்ச்சலா?"

வெள்ளிக்கிழமை காலை புரொபசருக்கு மைக்ராஸ்கோப் அருகில் வரவே பயம். "நீயே பாரும்மா."

குனிந்தேன். ஒன்றின் மேல் ஒன்று ஏறி, குவியல் குவியலாகக் கிடந்தன. கட்டியைப் பார்த்து இப்படிச் சந்தோஷப்பட்டவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"சார், ஏறிடுச்சு! உங்க மருந்துதான் சார் அடக்கியிருக்கு!"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

திரும்பினேன். மேசையில் ஒரு பாட்டில் திறந்தபடி நின்றது.

"யாரு இதைத் தொறந்து போட்டது? எத்தனை தடவ தொண்ட கிழிய கத்துறது? மூடுற கைய யாருக்காவது கடன் கொடுத்தாச்சா? இது லேபா, சந்தையா?"

பத்து நிமிடம் மூச்சு விடாமல் திட்டினேன். மௌனம் ஒரு தட்டைக் கவிழ்த்து, அடியில் பெயர் எழுதிக்கொண்டே நிமிராமல் சொன்னாள்:

"அக்காவுக்கும் மருந்தைக் கழுவிட்டாங்க போல."

எனக்கு இன்னும் நாலு நாள் பாட்டில் மிச்சம் இருந்தது. வாயை மூடிக்கொண்டு கழுவப் போனேன்.