வாலுக்கு ஒரு சிவப்புத் துண்டு

"கழட்ட மாட்டேன்! வேணும்னா நீ உன் தொப்பியைக் கழட்டு, வெண்டலின். அந்த இறகைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது."

"என் தொப்பி உன்னை என்னடி பண்ணுச்சு? நான் சொல்றது உன் கழுத்துல தொங்கற சிவப்புத் துண்டை. இந்தக் காலத்துல எவன் துண்டு கட்டிக்கிட்டுக் கடைசியா வர்றான்? எல்லார் கையிலயும் போன் இருக்கு."

"சதுப்புல போன் எடுக்கலைன்னு போன வருஷம் கத்தினது யாரு? உன் தொப்பியா?"

ரியோன் மலை மேலே, பேருந்து நிற்கும் இடத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில் இப்படி. நடைச் சங்கத்தின் இலையுதிர்கால நடை, வருடத்தின் கடைசி நடை. வந்திருந்தவர்கள் எல்லாரும் காலணிக் கயிற்றைக் குனிந்து கட்டுவதுபோல் காதை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தனை காலணிகளுக்கும் ஒரே நேரத்தில் கயிறு அவிழ்ந்தது சங்க வரலாற்றிலேயே அன்றைக்குத்தான்.

"பிரச்சினை துண்டு இல்ல, ஒட்டிலி" என்று ரோஸ்விதா நடுவில் புகுந்தாள். சங்கத்திலேயே வேகமாக நடப்பவள், பேசுவதிலும் அப்படியே. "நீங்க விடுதிக்கு வந்து சேர்றதுக்குள்ள எல்லாருக்கும் பசி உயிர் போகுது. தலைவருக்கு வயிறு வேற சரியில்ல."

"தலைவர் வயித்தைப் பத்தி நீ எப்போலேர்ந்து கவலைப்பட ஆரம்பிச்சே?"

ரோஸ்விதா தன் காலணிக் கயிற்றைத் தேடினாள். சங்கத் தலைவனான வெண்டலின் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, சரி, இந்தத் தடவை கட்டிக்கோ" என்றான்.

"வாக்குக் குடு. பீச் மரக்காட்டு முக்குல நின்னு, சிவப்பைப் பார்த்த பிறகுதான் நகரணும். அதான் வழக்கம்."

"நிப்பேன் தாயே, நிப்பேன்."

வழக்கம் பழையதுதான். முன்னால் தலைவர், பின்னால் வால். பாதை பிரியும் இடத்தில் தலைவர் நிற்க வேண்டும். வாலின் சிவப்புத் துண்டு கண்ணில் பட்டால் கையை உயர்த்திவிட்டு மேலே போகலாம். வாலுக்கு முன்னால் இருப்பவர்கள் எவரும் தொலையவில்லை என்று அதற்கு அர்த்தம். ஒட்டிலி பால் பண்ணை அலுவலகத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்தே வால். ஓய்வு பெற்ற பிறகும் வால். கல்யாணம் என்று ஒன்று அவள் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்டவர்களுக்கு அவள் பதில் சொன்னதும் இல்லை. நாங்கள் கேட்காமல் விட்டதும் இல்லை.

அன்றைக்கு அவள் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. தங்கை லியோபா வடக்கே கீல் நகரத்தில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறாள். வீட்டில் ஒரு அறை காலி. "வந்துடு. அங்க யாரு இருக்கா உனக்கு? இன்னிக்கு ராத்திரிக்குள்ள சொல்லு, இல்லைன்னா காலேஜ் பொண்ணு ஒருத்திக்கு விட்டுடுவேன்" என்று காலையில்தான் வீட்டுப் போனில் சொல்லியிருந்தாள். "எனக்கு இங்க சங்கம் இருக்கு" என்று ஒட்டிலி சொன்னாள். சொல்லி முடித்ததும், அது உண்மைதானா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதனால் மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்: இன்றைக்கு முக்கில் நின்றார்கள் என்றால், இருந்துவிடுவது. நிற்கவில்லை என்றால், கீல்.

சதுப்பு அன்றைக்குப் பழுப்பும் செம்மண் நிறமுமாய்ப் படுத்துக் கிடந்தது. அதன் மேல் வளைந்து வளைந்து போகும் பலகைப்பாதையில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது. பலகையை விட்டுக் கால் வைக்கவும் கூடாது. இயற்கைக் காப்பகத்தின் சட்டம் அது. யாராவது படம் எடுக்க ஒரு காலை பாசியில் வைத்தால் பின்னாலிருந்து ஒட்டிலியின் குரல் வரும்: "அந்தப் பாசி விரல் நீளம் வளர உன் ஆயுசு பத்தாது, எடு காலை!"

முன்பெல்லாம் வாலுக்குத் துணை இருந்தது. முழங்கால் வலிக்காரர்கள், மூச்சு வாங்குகிறவர்கள், மருமகளைப் பற்றிச் சொல்லி முடிக்க நேரம் வேண்டுமென்பதற்காகவே மெதுவாக நடந்தவர்கள். அவர்களில் சிலர் கல்லறைக்குப் போனார்கள், சிலர் முதியோர் இல்லத்துக்கு. புதிதாய்ச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் முழங்கால் நன்றாக இருந்தது. வாலுக்கும் உடம்புக்கும் நடுவே வெற்றுப் பலகை வருடா வருடம் நீண்டுகொண்டே போனது. இப்போது அவளுக்கு அவர்களுடைய முதுகுகூடத் தெரிவதில்லை, சிரிப்புச் சத்தம் மட்டும் காற்றில் வரும். அதுவும் எதற்குச் சிரித்தார்கள் என்று தெரியாத சிரிப்பு.

பாதிச் சதுப்பில், குட்டைப் பைன் மரங்கள் நிற்கிற இடத்தில், அவளுடைய வலது காலணி வாயைப் பிளந்தது. அலமாரியில் வருடக்கணக்காய் இருந்த காலணிகள் இப்படித்தான் செய்யும். பார்க்கப் புதுசுபோல் இருக்கும், நடக்கும்போது அடிப்பாகம் பிஸ்கெட் மாதிரி உதிரும். அடித்தோல் முழுசாய்க் கழன்று, பலகையிலிருந்து நழுவி, ஒரு முழத் தூரத்தில் பாசிமேல் போய் விழுந்தது.

ஒரு எட்டு வைத்தால் எடுத்துவிடலாம். பார்க்க ஒரு ஈ காக்காய் இல்லை. ஒட்டிலி என்ன செய்தாள் தெரியுமா? பலகைமேல் குப்புறப் படுத்துக்கொண்டாள். அறுபத்துமூன்று வயதில், ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு, கைத்தடியை நீட்டி நீட்டி அந்த அடித்தோலைத் தூண்டில் போடுவதுபோல் இழுத்தாள். அது வந்து சேர்ந்தபோது அவளுக்கு வியர்த்திருந்தது. கட்டுவதற்குக் கயிறு இல்லை. கழுத்திலிருந்த துண்டை அவிழ்த்தாள்.

முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவர்கள் கண்ணில் பட்டார்கள். தூரத்தில், சதுப்பு முடிந்து பீச் மரங்கள் சாம்பல் நிறச் சுவராய்த் தொடங்கும் முக்கில், சின்னச் சின்னதாய். நின்றிருந்தார்கள்! வெண்டலின் திரும்பிப் பார்த்தான். இங்கிருந்தும் தொப்பியின் இறகு தெரிந்தது. வாக்கைக் காப்பாற்றிவிட்டான், படுபாவி. அவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. எழுந்திருக்கக் கைத்தடியைத் தேடினாள்.

அதற்குள் வெண்டலின் கையை உயர்த்தினான். உற்சாகமாய் ஆட்டினான்கூட. பிறகு எல்லாரும் காட்டுக்குள் போய்விட்டார்கள்.

ஒட்டிலிக்குப் புரியவில்லை. அவள் பைன் புதருக்குப் பின்னால் மண்டியிட்டிருந்தாள். துண்டோ காலணியில். யாருக்குக் கை காட்டினான்? திரும்பிப் பார்த்தாள். பலகைப்பாதையின் வளைவில், மெலிந்த மரம் ஒன்று ஆள் உயரத்தில் தனியாக நின்றது. அதில் இலை மிச்சமில்லை. கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் செக்கச் சிவந்த பழக்கொத்து ஒன்று மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெண்டலின் ஏமாந்தான் என்பது அவளைச் சுடவில்லை. போன இலையுதிர்காலத்திலும் இந்த மரம் இங்கேதானே நின்றது, அதற்கு முந்தியும் நின்றதே என்ற நினைப்புதான் சுட்டது. இத்தனை வருடம் அவன் பார்த்துக் கை ஆட்டியது யாரை?

பீச் காட்டுக்குள் அவள் தனியே இறங்கினாள். வழி தெரியாமல் இல்லை, ஒவ்வொரு மரத்திலும் பூசிய அடையாளக் குறியும் அவளுக்குப் பழக்கம். தெரிந்த வழிதான் அன்று நீளமாய் இருந்தது. வழவழத்த தண்டுகள் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி, கீழே கணுக்கால் மூழ்க உலர்ந்த இலை. இடது கால் சரக் என்றது, வலது கால் சரக்-தொப் என்றது. ஒரு தடவை, "எல்லாரும் வந்தாச்சா?" என்று சத்தமாகக் கேட்டுப் பார்த்தாள். வால் வழக்கமாகக் கேட்கிற கேள்வி. ஒரு மரங்கொத்தி தட்டுவதை நிறுத்தியது, பிறகு தன் வேலையைப் பார்த்தது.

விடுதியை அடைந்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பிளம்ஸ் கேக் பரிமாறியாகிவிட்டது. விடுதிக்காரர் கிலியானின் குரல் கேட்டது. மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர்.

"ஒரு தட்டு மிச்சம் இருக்கே. சிவப்புத் துண்டு போட்டுக்கிட்டு வருவாங்களே, அவங்க எங்க?"

"பின்னால வர்றா" என்றான் வெண்டலின், வாயில் கேக்கோடு. "அவ எப்பவும் பின்னாலதானே வருவா."

"எப்பவும் இவ்வளவு பின்னாலயா?"

"துண்டு தடுக்கியிருக்கும்!" என்றாள் ரோஸ்விதா. மேசை சிரித்தது. இந்தத் தடவை எதற்குச் சிரித்தார்கள் என்று ஒட்டிலிக்குத் தெரிந்தது.

கிலியான் டார்ச் விளக்கும் கோட்டுமாய்க் கதவைத் திறக்க, வாசலில் அவளே நின்றாள். அவர் அவளுடைய காலைப் பார்த்தார். "உக்காருங்க. கல்லீரல் உருண்டை சூப் அடுப்பு ஓரத்துலயே இருக்கு, ஆறலை" என்றார்.

"பார்த்தீங்களா, வந்துட்டா!" என்று வெண்டலின் எழுந்தான். "என்னடி, இவ்வளவு நேரம்? முக்குல நின்னேன். உன்னைப் பார்த்தேன். கைகூட ஆட்டினேனே!"

"நான் திருப்பி ஆட்டினேனா?"

"ஆட்டின மாதிரிதான்… லேசா அசைஞ்சே."

"காத்துல அசைஞ்சுது. அது மரம், வெண்டலின்."

யாரோ சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார்கள். ஒட்டிலி குனிந்து காலணியிலிருந்து துண்டை அவிழ்த்தாள். சேறும் இலைத்தூளும் ஒட்டியிருந்த அதை அவன் கேக் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"கவலைப்படாத. அது எங்கயும் போகாது, அடுத்த வருஷமும் அங்கதான் நிக்கும். சூப் வேணும்னுகூடக் கேக்காது."

பிறகு உட்கார்ந்து சூப்பைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள், அவசரப்படாமல். கிலியான் எதிரே நின்று மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சுத்தமாக இருந்த மேசைதான். குடித்து முடித்ததும், "உங்க போனைக் கொஞ்சம் உபயோகிக்கலாமா?" என்று அவரிடம் கேட்டாள்.

நவம்பரில் ஒட்டிலி கீலுக்குப் போய்விட்டாள். அங்கே ஏறுவதற்கு மாடிப்படியைத் தவிர வேறு மேடே கிடையாதாம். வெண்டலினும் ரோஸ்விதாவும் மே மாதம் கல்யாணம் செய்துகொண்டார்கள்; தலைவர் வயிற்றைப் பற்றிய அவளுடைய கவலை எப்போது தொடங்கியது என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். கிலியான் விடுதியை விற்றுவிட்டு ரயிலேறினார் என்றதும் ஊரில் பாதிப் பேர் கீல் என்று பந்தயம் கட்டினார்கள். தோற்றார்கள். அவர் வூர்ட்ஸ்பர்க்கில் மகள் வீட்டுக்குத்தான் போனார். நானும் கீல் என்றுதான் கட்டியிருந்தேன்.