காரணம் எழுதும் இடம்

அம்மாவின் நரைமுடியை வாரிப் பின்னிக்கொண்டிருந்தபோது வக்கீல் வந்து வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் கோர்ட் வளாகத்தில் டீக்கடை வைத்திருக்கும் பெண். மகள் சீப்பைச் சித்தி கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான்மா," என்றார் வக்கீல். "ஆனா வழக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லி மனுப் போட இன்னிக்குத்தான் கடைசி நாள். வாரிசுன்னு நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்."

அம்மா இருபத்திரண்டு வருஷம் ஆணித் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டியவள். வேலையிலிருந்து துரத்தியதை எதிர்த்துத் தானே போய்ப் போட்ட வழக்கு அது. மூன்று வாய்தாவுக்கும் ஆஜராகவில்லை என்று கோர்ட் அதைத் தள்ளிவிட்டது. செய்தி வந்த அன்று மகள் வீட்டையே இரண்டாக்கினாள். "நல்ல செருப்பைப் போட்டுக்கிட்டு ஒன்பது மணிக்கே கிளம்பினியே, எங்க போய்ச் சுத்திட்டு வந்தே?" பாத்திரம் துடைத்துக்கொண்டே அம்மா "ம்" என்றாள். அந்த "ம்" ஒரு மாதமாக மகளைக் குடைந்துகொண்டிருந்தது. யாரைப் பார்க்கப் போனாள்? அப்படி எதை மறைத்தாள்? நேற்று மாலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டவளிடம் இனி கேட்கவும் முடியாது.

மனுவில் ஓர் இடம் காலியாக இருந்தது.

"வராததுக்குக் காரணம் எழுதணும். உடம்பு சரியில்லன்னு போட்டுடலாமா?"

டீக்கடைக்காரி குறுக்கே புகுந்தாள். "வரலைன்னு யாரு சொன்னது? மூணு தடவையும் என் கடைக்கு எதிர் பெஞ்சுலதான் உக்காந்திருந்தாங்க. சாயங்காலம் வரைக்கும்."

"கோர்ட் டவாலி வாசல்ல நின்னு பேரைக் கூப்பிட்டிருப்பாரே?" என்றாள் மகள்.

"தொண்டை கிழியக் கூப்பிட்டாரு. அடுப்பாண்ட நின்ன எனக்கே கேட்டுச்சு. ஆனா அது இவங்க பேருன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் அக்கான்னுதான் கூப்பிடுவேன். அதுக்கும் முன்னால போய் நின்னாத்தான் பாப்பாங்க. இன்னிக்கு வக்கீல் ஐயா சொல்லித்தான் பேரே தெரியும்."

வக்கீல் தரையைப் பார்த்தார். அந்த மூன்று நாளும் அவர் மாடியில் வேறு வழக்கில் நின்றுகொண்டிருந்தார்.

குக்கர் கத்தித் தீய்ந்த நாட்கள். ஃபோன் அடித்தால் மகளிடமே நீட்டிவிடும் கை. எல்லாரும் சிரித்து முடித்தபின் வரும் சிரிப்பு. மகளுக்கு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது.

"வேலையை விட்டு அனுப்பின லெட்டர்ல என்ன எழுதியிருந்தாங்க சார்?"

அவர் கோப்பைப் புரட்டினார். "'மெஷினை நிறுத்தும்படி மேற்பார்வையாளர் மூன்று முறை சொல்லியும் கேட்கவில்லை.'" அடுத்த வரிக்குப் போகாமல் நின்றார். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"காது போச்சுன்னு தெரிஞ்சா அப்புறம் எவன் மெஷின் பக்கம் விடுவான்?" என்றாள் டீக்கடைக்காரி.

மகள் தாளைச் சுவரில் வைத்து எழுதினாள்: "வந்திருந்தார். கூப்பிட்டது காதில் விழவில்லை." கீழே கையெழுத்திட்டாள். வக்கீல் அதை வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகத் தெருமுனைக்குப் போனார்.

உள்ளே எல்லாரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து உட்கார்ந்த மகளின் தோளோரம் சாய்ந்து சித்தி கிசுகிசுத்தாள். "எத்தனை மணிக்கு எடுக்கறாங்க?"

"சத்தமாக் கேளு சித்தி."

சித்தி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தன் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, அறையே திரும்பிப் பார்க்கும்படி மறுபடி கேட்டாள்.