தோல் வட்டு

தம்பி எய்த அம்பு முதுகில் பட்டதும் அக்கா சிரித்துவிட்டாள். யாரோ செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாற்போல்தான் இருந்தது. அம்பு செய்தவர்தான் முதல் அடியைத் தன் முதுகில் வாங்க வேண்டும் என்பது இந்த விளையாட்டுக்காரர்களின் வழக்கம். அம்புக் கட்டிலிருந்து கைக்கு வந்த ஒன்றை நடுவரே உருவிக் கொடுப்பாள். நடுவர் வாரநாட்களில் பல் டாக்டர். களத்தில் முக்கால்வாசிப் பேர் அவளிடம் வாயைத் திறந்து காட்டியவர்கள் என்பதால் யாரும் அவளை எதிர்த்துப் பேசுவதில்லை.

"வலிச்சுதாக்கா?" தம்பி வில்லோடு ஓடி வந்தான்.

"போடா. சின்ன வயசுல நீ முதுகுல குத்துவியே, அதுல பாதி கூட இல்ல."

அக்கா சோபா தைக்கும் கடையில் ஃபோம் வெட்டுகிறவள். வாயைத் திறந்து பேசினால் அடுத்த மேஜைக்குக்கூடக் கேட்காது. தம்பி வரி அலுவலகத்தில் குமாஸ்தா. மனைவி விட்டுப் போன பிறகு வேலைக்குப் போவான், வருவான், அறைக்கதவைச் சாத்திக்கொள்வான். சாப்பிடக் கூப்பிட்டால் "ம்". வெளியே வாடா என்றால் அதுவும் இல்லை. ஒரு வருடம் அந்தக் கதவைப் பார்த்தே அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. பிறகு ஆபீஸ் நண்பன் ஒருவன் அவனை இந்த மைதானத்துக்கு இழுத்து வந்தான். வளர்ந்த மனிதர்கள் ராஜா வேஷம் போட்டுக்கொண்டு ஃபோம் வாளால் அடித்துக்கொள்ளும் இடம். பைத்தியக்காரக் கூட்டம் என்றுதான் அக்கா முதலில் நினைத்தாள். ஆனால் வில்லைத் தொட்ட வாரமே அவன் தாடியை எடுத்தான். அம்பு தானே செய்து தருவதாக அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

செய்யச் செய்யத்தான் அதன் சூட்சுமம் புரிந்தது. ஃபைபர் குச்சி முறிந்தாலும் சிலாம்பு தெறிக்காதபடி நீளத்துக்கும் டேப் ஒட்ட வேண்டும். அம்பின் தலை கண்குழியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். அவள் தன் கண்மேலேயே வைத்து அளந்து பார்த்துக்கொண்டாள். எல்லாவற்றுக்கும் உயிர்நாடி, குச்சி முனைக்கும் ஃபோமுக்கும் நடுவே ஒட்டும் தோல் வட்டு. செருப்பு அடித்தோலில் அம்புக்கு ஒன்றாக எண்ணி வெட்டிய வட்டுகள். வட்டு இல்லாத அம்பும் முதலில் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். அடி வாங்க வாங்கத்தான் குச்சி ஃபோமைத் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும்.

போர் தொடங்கியது. மரத்தடியில் நின்று பார்த்த அக்காவுக்கு உடம்பு சிலிர்த்தது. வெறும் ஃபோமும் துணியும்தான் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் அங்கே இல்லை. இருந்தும் மேட்டின்மேல் தம்பி வில்லை வளைத்து நின்றபோது, இவனா என் வீட்டுக் கதவுக்குள் கிடந்தவன் என்று கண் நிறைந்துவிட்டது. அவன் அம்பு எழும்போதெல்லாம் எதிர்ப்படை மொத்தமும் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தது. அவள் வெட்டிய ஃபோம், அவள் ஒட்டிய இறகு, அத்தனை பேர் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

கண்ணைத் துடைக்கக் கைக்குட்டைக்காகச் சட்டைப் பையில் கையை விட்டாள். விரலில் ஒரு தோல் வட்டு தட்டுப்பட்டது.

மிச்சம் விழ வழியே இல்லை. அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஒட்டிக்கொண்டிருந்த நேரத்தில் தம்பி அறைக்குள் வந்து, ஒரு ஃபோம் தலையை மூக்கில் வைத்துக்கொண்டு கோமாளிபோல் நின்றான். பிறகு அவனே அடக்க முடியாமல் சிரித்தான். ஒரு வருடம் கழித்துக் கேட்ட சிரிப்பு. அவள் எல்லாவற்றையும் மறந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை பாட்டுக்கு வட்டு வைக்காமலேயே அடுத்த தலையை ஒட்டியிருக்கிறது.

சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். பழுதான அம்பை எய்தவன் அந்த வருடம் முழுக்க வில்லைத் தொடக் கூடாது. மறுபடி அந்தக் கதவு. சொல்லாவிட்டால்? முகத்தைப் பார்த்து எய்யக் கூடாது என்பது விதிதான், ஆனால் விதி அம்புக்குத் தெரியுமா? எதிர்ப்படை ராஜா, மருந்துக்கடைக்காரர், அட்டைக் கிரீடத்தோடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி அடுத்த அம்பை நாணில் வைத்தான்.

"நில்!"

அது தன் குரல்தான் என்று அவளுக்கே நம்ப முடியவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டால் யாராக இருந்தாலும் இருந்த இடத்தில் மண்டியிட வேண்டும். மைதானம் முழுக்க, ராஜாக்களும் வீரர்களும், ஓங்கிய வாளோடு ஒரே மூச்சில் மண்டியிட்டார்கள். காற்று மட்டும் கொடிகளை அசைத்தது.

அவள் நடுவே நடந்துபோய் வட்டை நீட்டினாள். "ஒண்ணுல இது இல்ல. தப்பு என்னோடது. அவன் ஒண்ணும் பண்ணல."

இரண்டு படைகளும் புல்லில் தவழ்ந்து அம்புகளைத் தேடின. நடுவர் ஒவ்வொரு தலையாகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். கடைசியில் மருந்துக்கடைக்காரர் புதரடியிலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். அதன் துணிக்கு அடியில் குச்சிமுனை முள்போல் நெருடியது.

தம்பி வில்லைக் கீழே வைத்தான். அக்காவுக்கு அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"விதி அதான்," என்றாள் நடுவர். அவள் குரலும் இறங்கியிருந்தது. "மிச்ச அம்பையெல்லாம் நம்பி யாராவது முதுகக் காட்டி நின்னா மட்டும் அவர் மறுபடி எய்யலாம்."

அக்கா திரும்பி நின்றாள். "எல்லாத்தையும் என் மேலயே எய்யட்டும்."

"இந்தக் கண்ணு தப்பிச்சது யாரால?" மருந்துக்கடைக்காரர் கிரீடத்தைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்தார். "ராஜா முதுகக் காட்டுறது மானக்கேடுதான். பரவால்ல." அவரும் திரும்பி நின்றார். பின்னால் காலடிகள் கேட்டன. அக்கா ஓரக்கண்ணால் பார்த்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொருவராக வந்து நின்று கொண்டிருந்தார்கள், அந்தப் படை, இந்தப் படை என்று இல்லாமல். மைதானத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை வெறும் முதுகுகள்.

வெகுநேரம் கழித்துப் புல்லிலிருந்து வில்லை எடுக்கும் சத்தமும், நாண் மெல்ல இழுபடும் முனகலும் அவளுக்குக் கேட்டன.