எட்டாவது கிளாஸ்

புளி போட்டு முக்கால் மணி நேரம் தேய்த்ததுதான் தப்பு. கிளாஸிலிருந்த மூன்று சிவப்புக் கோடும் சிந்தாமணியின் கையோடு வந்துவிட்டன. வாசலில் கார் நிற்கிற சத்தம் கேட்டது.

பதினோரு வருஷமாக நடராசன் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். கூடத்தில் ஒரு ரேடியோ பீரோ. மூடியைத் தூக்கினால் தட்டு ஒன்று எழும்பும். அதில் எட்டு வளையம், வளையத்துக்கு ஒரு மது கிளாஸ், கிளாஸுக்கு மூன்று சிவப்புக் கோடு. கீழே ரேடியோ. அது பாடுவதை நிறுத்தி நாற்பது வருஷம் ஆகிறது. நடராசன் இன்னும் நிறுத்தவில்லை. "வெள்ளைக்காரக் கலெக்டர் எங்க தாத்தாவுக்குக் குடுத்தது. எட்டு கிளாஸும் ஒரிஜினல்!" உடையார்பாளையம் பக்கம் இதைக் கேட்காமல் அந்த வீட்டில் காபி குடித்து எழுந்தவர் கிடையாது.

போன மாசம் அதில் ஒன்று அவள் கையில் உடைந்தது. சொல்லப் பயம். சமையலுக்கு இருந்த அரியமுத்து, வெள்ளிக் கிண்ணம் காணோம் என்று ரெண்டு நாள் ஸ்டேஷனில் குந்தியிருந்தார். கிண்ணம் நடராசன் கட்டிலுக்கு அடியில் அகப்பட்டது. போன வேலை அரியமுத்துவுக்குத் திரும்ப அகப்படவில்லை. அதனால் அவள் பெரம்பலூர்க் கடையில் அதே அளவில் ஒன்று வாங்கி, அரியலூரில் வண்டி நம்பர் எழுதுகிறவரிடம் கோடு போட்டு வாங்கி வைத்துவிட்டாள். மற்ற ஏழும் மங்கல், இது மட்டும் மாப்பிள்ளை மாதிரி மினுக்கியது. மங்க வைக்கத்தான் புளி.

மொட்டை கிளாஸை வளையத்தில் வைத்துவிட்டு, சுவரோடு ஒண்டி நின்றாள்.

வந்தவர் லப்பைக்குடிக்காடு ஜபருல்லா. ஷார்ஜாவில் பழம்பொருள் ஏலக்கடையில் இருபது வருஷம் இருந்தவர். கலெக்டர் கிளாஸ் பேச்சு காதில் விழுந்து, தானே பார்த்துவிட வந்திருந்தார்.

"பாய், குடிக்காதவரு கிளாஸப் பத்தி என்ன சொல்லப்போறீங்க?" என்று நடராசன் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"குடிக்காததாலதாங்க நிதானமாப் பாக்க முடியுது."

ஜபருல்லா வெள்ளைத் துணியில் ஸ்பிரிட் நனைத்தார். "ஒரிஜினல்னா கோட்டை உலையில வச்சு சுட்டிருப்பான். துடைச்சா வராது. பின்னால யாராச்சும் போட்டதுன்னா வந்துடும்."

முதல் கிளாஸைத் துடைத்தார். துணி சிவந்தது. ரெண்டாவதும் அப்படியே. மூன்றாவது வந்தபோது நடராசன் மனைவி புஷ்பவல்லி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இது நம்ம டிராக்டருக்கு அடிச்ச பெயிண்ட் கலராச்சே?"

"நீ உள்ள போ!"

ஏழும் முடிந்தது. கடைசியாக அவளுடைய கிளாஸ். ஜபருல்லா துடைத்தார். துணியின் சுத்தமான மூலை சுத்தமாகவே இருந்தது. மறுபடி துடைத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மோந்து பார்த்தார். சிந்தாமணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"மாஷா அல்லாஹ்!" என்றார். "இது ஒண்ணுதாங்க ஒரிஜினல். புளி போட்டுத் தேச்சுத் தேச்சு, சுட்ட கோடே தேஞ்சுபோயிருக்கு. எழுபது எண்பது வருஷத் தேய்ப்பு! என் கண்ணு தப்பாது."

முக்கால் மணி நேரத் தேய்ப்பு என்று சொல்லச் சிந்தாமணிக்கு வாய் வரவில்லை.

நடராசனுக்கும் வரவில்லை. தட்டு காலியாக வந்த பீரோவை ஏலத்தில் எடுத்து, திருச்சியில் எட்டு கிளாஸ் வாங்கி, டிராக்டர் பெயிண்டில் மிச்சம் இருந்ததைப் பூசியவர் அவரேதான். எட்டில் ஒன்றுகூட ஒரிஜினல் இல்லை என்பது உலகத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அப்படியானால் இது எங்கேயிருந்து வந்தது? மெதுவாகத் திரும்பினார். சுவரோரம் நின்றவளின் சிவந்த உள்ளங்கை கண்ணில் பட்டது. அப்படியானால் பெயிண்ட் விஷயம் இவளுக்குத் தெரிந்துவிட்டது! அவள் சட்டென்று முந்தானையில் கையைச் சுற்றினாள்.

"யாரு பாய் தேச்சிருப்பா?" என்றார் நடராசன்.

"அதை உங்க வூட்டு ஆளுங்களைத்தான் கேக்கணும். கேப்போமா?"

"வேணாம், வேணாம்! அதெல்லாம் எதுக்கு?"

கார் போனது. கூடத்தில் ரெண்டு பேர்தான். பதினோரு வருஷத்தில் 'ஏ புள்ள' தவிர வேறு பேர் சொல்லி அவர் அவளைக் கூப்பிட்டதில்லை.

"சிந்தாமணிம்மா," என்றார். "சாப்டீங்களா?"

அந்த 'ங்க'வைக் கேட்டதும்தான் அவளுக்கு நிஜமாகவே கை கால் சில்லிட்டது.