சம்பந்தி முகர்ந்து பார்த்த கார்

என் இடது முழங்கால் க்ளட்ச் மிதிக்கும் உத்தியோகத்தை ராஜினாமா செய்த அன்றே, ஆட்டோமேட்டிக் கார் வாங்குவது என்று வீட்டில் முடிவாயிற்று. புதிது வாங்க வசதியில்லை. பழையதைப் பார்த்து வாங்க விவரமான ஆள் வேண்டும். அதற்கு ஊரெல்லாம் தேடுவானேன்? பெண்ணைக் கொடுத்த இடமே கார் ஷெட்தான். சம்பந்தி கை வைத்தால் படுத்த எஞ்சின் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்கும்.

வண்டியைக் கண்டுபிடித்தவரும் அவரே, கூட வந்தவரும் அவரே. நாங்கள் போனபோது பானெட் அடுப்பாகச் சுட்டது.

"இப்பதான் கடைக்குப் போயிட்டு வந்தேன்" என்றார் விற்பவர்.

சம்பந்தி பானெட்டைத் தூக்கினார். பேச்சை நிறுத்தாமலே உள்ளே கைவிட்டு, கியர் ஆயில் பார்க்கும் குச்சியை உருவி முகர்ந்தார்.

"கருகின வாடையே இல்ல. நெறத்தப் பாருங்க, மாதுளஞ்சாறு மாதிரி. கண்ண மூடிட்டு வாங்கலாம், சம்பந்தி."

மூடிக்கொண்டுதான் வாங்கினேன்.

மறுநாள் காலை, ஆறிக் கிடந்த வண்டியைக் கிளப்பி கியரை 'டி'யில் போட்டேன். நகரவில்லை. உள்ளே போய் முகச்சவரம் செய்துகொண்டு வந்தேன். அப்போதுதான் ஒரு குலுக்குக் குலுக்கிப் புறப்பட யோசித்தது. மேடு வந்தால் எஞ்சின் மட்டும் அலறும், சக்கரத்துக்குச் செய்தியே போகாது. ஒரு சவ ஊர்வலம் எங்களை முந்திச் சென்றது. அதில் கடைசியாகப் போனவர் கண்ணாடியைத் தட்டி, "சீக்கிரம் வாங்க பெரியவரே, கொள்ளி வெச்சுடப் போறாங்க" என்றார். பக்கத்தில் இருந்த என் மனைவி, "இறங்கி அவங்களோடயே நடந்துரலாமா?" என்று கேட்டாள்.

மேட்டின் உச்சியில் இருந்த ஒரு பட்டறையில் விட்டோம். அந்த மெக்கானிக் வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு குச்சியைத் தேடு தேடென்று தேடினான். ஏர் பில்டர் பெட்டியைக் கழற்றிய பிறகுதான் அகப்பட்டது.

"இந்த மாடல்ல குச்சிய ஒளிச்சு வெச்சிருப்பான், ஐயா. முன்னாடி கைவிட்டுப் பழகினவனுக்குத்தான் எடம் தெரியும்."

கியர் பெட்டியின் அடித்தட்டைத் திறந்தான். கருகிய தூள் கைநிறைய வந்தது.

"உள்ள எல்லாம் வெந்து போச்சு. ஆயில் மட்டும் புதுசு, விக்கறதுக்காக ஊத்தினது. எஞ்சினைச் சூடாக்கிக் காட்டினா எடுக்கறப்ப திணறறதும் தெரியாது."

மீதி எதுவும் என் காதில் ஏறவில்லை. வாங்கிய அன்று சம்பந்தியின் கை எதையும் தேடவில்லை. தன் சட்டைப் பைக்குள் போவதுபோல நேராகப் போயிற்று.

பஸ் பிடித்து அவர் ஷெட்டுக்குப் போனேன்.

"அந்தக் குச்சி இருக்கற எடம் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது, சம்பந்தி?"

அவர் சுத்தமாக இருந்த ஸ்பானரைத் துடைத்தார்.

"ஆயில் மாத்தினது நான்தான்."

"ஓ."

"என் வேலையிலதான் வண்டி கெட்டுப்போச்சுன்னு, உங்களுக்கு வித்தானே அந்தாளு, போற எடமெல்லாம் சொல்லிட்டிருந்தான். வித்துக் குடுத்தா வாய மூடறேன்னான்."

"அதுக்கு நான்தான் கெடச்சேனா?"

"வெளியாள்னா இங்க வந்து என் சட்டையப் பிடிப்பான்." அவர் கண் மாடிப்பக்கம் போய்த் திரும்பியது. அங்கே என் மகள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். "நீங்க பிடிக்க மாட்டீங்க."

 

"அப்பா!" மகள் மேலிருந்து எட்டிப் பார்த்தாள். "கார்ல வரலையா? எப்படி ஓடுது? மாமா பாத்து வாங்கிக் குடுத்ததாச்சே!"

மாமனாரைப் பற்றி அவள் குரலில் அப்படியொரு பெருமை.

"ரதம்மா, ரதம்" என்றேன். "சர்வீசுக்கு விட்டிருக்கேன்."

சம்பந்தி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மகளுக்குக் கேட்கும்படி, "பஸ்ஸுல எதுக்கு? நானே கொண்டு விடறேன்" என்று ஸ்கூட்டரை உதைத்தார்.

மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறி உட்கார்ந்தேன்.

"நல்லாப் பிடிச்சுக்கோங்க, சம்பந்தி."

சாலை முழுக்கக் குண்டும் குழியும். வீடு வந்து சேரும்வரை அந்தத் தோளை விட முடியவில்லை.