ஒட்டுக்கழி

சுதந்திர தினத்துக்கு முந்தின வாரம் நகரிக் கடைத்தெருவில் செங்கல்வராயனின் மரக்கடைக்கு நல்ல வேட்டை. ஊர் ஆந்திராவோடு இருக்குமா, மதராஸ் பக்கம் போகுமா என்று எல்லைத் தகராறு கொதித்துக்கொண்டிருந்த ஐம்பத்தெட்டாம் வருஷம் அது. ஒரே மைதானத்தில் தெலுங்கர்கள் ஒரு கொடி, தமிழர்கள் ஒரு கொடி ஏற்றுவதென்று முறுக்கிக்கொண்டு நின்றார்கள்.

செங்கல்வராயனுக்கு வீட்டில் தமிழ், கல்லாவில் தெலுங்கு; நாக்கு இரண்டு பக்கமும் வழுக்கும். தெலுங்கர்களின் தலைவர் வெங்கடரமணனுக்கு நெடிய சவுக்குக்கழி ஒன்றை விற்றார். அது மைதானம் போய்ச் சேருமுன்பே தமிழர்களின் தலைவன் சண்முகத்தைக் கூப்பிட்டனுப்பினார்.

"அவங்க கழிய பாத்தியா? அதுக்குப் பக்கத்துல உன்னுது பல்லு குத்தற குச்சி கணக்கா இருக்கும்டா."

"அத்தவிட ஒசரமா ஒண்ணு குடு, அண்ணே!"

அவ்வளவு உயரக் கழி கடையில் இல்லை. இல்லை என்று சொல்லித்தான் செங்கல்வராயனுக்குப் பழக்கமில்லையே. இரண்டு கழிகளைச் சேர்த்துக் கயிற்றால் இறுக்கி, கட்டு தெரியாமல் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தார். கொடியைத் தாங்கும், ஆளைத் தாங்காது. அதை அவர் மட்டும் அறிவார்.

பதினைந்தாம் தேதி காலை தெலுங்கர்களின் கொடி பறந்தது. தமிழர்களின் கொடி பாதியில் நின்றது. உச்சிக் கப்பியில் கயிறு சிக்கிக்கொண்டது. எதிர்ப்பக்கம் ஒரே சிரிப்பு. தமிழர் பக்கத்துத் தறிக்காரன் நாகேந்திரனுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் ஏறி எடுக்கறேன்" என்று வேட்டியை வரிந்து கட்டினான்.

செங்கல்வராயன் வாயைத் திறந்தார். இத்தனை பேர் நடுவில் சொன்னால் கடையின் பெயர் என்ன ஆவது? திறந்த வாயை மூடிக்கொண்டார். நாகேந்திரன் ஏறி, கயிறு கட்டிய இடத்தைத் தாண்டினான்.

கட்டு விட்டது.

விழுந்தவனின் வலக்கால் முழங்காலுக்குக் கீழே மடங்கிக் கிடந்தது. தறி மிதிக்கிற கால். அவன் மனைவி அம்சவேணி ஓடிவந்து அதைப் பார்த்தாள். பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள்.

"கழி எம்மா ஒசரம்னு அளந்தீங்களே, ஏறினவன் கதி இன்னான்னு யாராச்சும் நெனச்சீங்களா?"

சிரித்த வாய்கள் அடங்கின. முதலில் ஓடிவந்தவர் வெங்கடரமணன்தான்.

"ரண்டி, வாங்க! புத்தூர்ல எலும்பு கட்டுவாங்க. ரயிலுக்குத் தூக்குங்க!"

கழன்று விழுந்த மேல்கழியிலேயே வேட்டியைத் தூளியாகக் கட்டி நாகேந்திரனைக் கிடத்தினார்கள். முன்முனையைச் சண்முகம் பிடித்தான், பின்முனையை வெங்கடரமணன். விழுந்த கொடியைத் தெலுங்குப் பெண் ஒருத்தி எடுத்து மண்ணைத் தட்டினாள்.

"அது ஒட்டுக்கழி," என்றார் செங்கல்வராயன். "இவன் ஏறறப்பவே எனக்குத் தெரியும். உங்க ரெண்டு பேரையும் மூட்டி வுட்டதும் நான்தான்."

சண்முகம் முறைத்தான். "உன் நாயத்த அப்பறம் பேசிக்கலாம். மொதல்ல தோள் குடு, அண்ணே."

கொடுத்தார். வழியில் தூளிக்குள்ளிருந்து முனகல் கேட்டது.

"அண்ணே, மறுபடி தறி மிதிப்பனா?"

செங்கல்வராயன் கழியை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"தெரியலடா. நான் அப்பவே சொல்லியிருந்தா நீ நடந்துகினு இருப்ப. பக்கத்துல நிக்கிறவனைத் தோக்கடிக்கவா சுதந்தரம் வாங்கினோம்? கொடி ஏத்தற நாள்ல ஒருத்தனும் கீழ விழக்கூடாது. அதான்டா கொடிக்கு ஒசரம்."