வார்னிஷ் ஏற்காத கிட்டார்

கிளாட்சன் செய்த கிட்டாருக்குள், கடல் ஏறும்போதெல்லாம் தண்ணீர் ஏறியது. கடல் வற்றினால் அதுவும் வற்றியது. கிளாட்சன் அக்காள்மடத்தில் வள்ளங்களுக்குப் பலகை மாற்றுகிற தச்சன். கிட்டாரின் உடம்பு அவனுடைய அய்யா வியாகுலத்தின் வள்ளத்துப் பலகை. சில வருடங்களுக்கு முன் அந்த வள்ளம் ஆளில்லாமல் தானாகக் கரைக்கு வந்தது. வியாகுலம் வரவில்லை, உடலும் ஒதுங்கவில்லை. இறந்தவர்களுக்கான பூசை வைக்கலாம் என்று பங்குச் சாமியார் சொன்னபோதெல்லாம் கிளாட்சனின் அம்மா ஜோதிமேரி மழுப்பினாள். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள்: அந்தப் பலகையில் மகன் செய்யும் கிட்டாரை மருமகள் ஜோஸ்லின் கோயிலில் வாசிக்கிற அன்றைக்குப் பூசை.

கிளாட்சன் எல்லாவற்றையும் முறைப்படிதான் செய்தான். முரட்டு உப்புத்தாளில் தொடங்கி வழுவழுப்பு வரும்வரை தேய்த்தான். மரத்தின் சிறு குழிகளை மக்கு வைத்து அடைத்தான், தூசியை ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்தான். வார்னிஷ் அடிக்க வேண்டியதுதான் பாக்கி. மதியம் கடல் ஏறியதும் பலகை வியர்த்தது, துளை வழியே தண்ணீர் வழிந்தது. நக்கிப் பார்த்தான், உப்பு. ஈர மரத்தில் அடித்தால் வார்னிஷ் வெளுத்துப்போகும். ஜோஸ்லின் ஹேர் டிரையர் பிடித்தாள், அதுதான் புகைந்தது. கடைசியில் கிட்டாரைக் கடல் எட்டாத நயினார்கோவிலில் விவசாயம் பார்க்கும் சிநேகிதன் பாண்டீஸ்வரன் வீட்டுக்கு அனுப்பினான். மறுநாளே போன் வந்தது.

"ஏலே, இங்கன வயக்காடு வெடிச்சுக் கெடக்கு, ஒம் பொட்டிக்குள்ள மட்டும் தண்ணி ஏறுது. அதுவும் உப்புத்தண்ணி. எனக்கு என்னத்துக்குடா ஆகும்? வந்து தூக்கிட்டுப் போ."

கிட்டார் காயவில்லை என்றதும் ஜோதிமேரியின் முகத்தில் வந்தது நிம்மதியா பயமா என்று மகனுக்குப் புரியவில்லை. அவளுக்கும்தான் புரியவில்லை. குழப்பத்தில் இருந்த கிளாட்சனின் கை, பழக்க தோஷத்தில், வள்ளத்துக்குப் போடுவதுபோல் கிட்டாரின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை போட்டு ஒரு தக்கையைச் செருகிவிட்டது. போட்ட பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டான்.

ஜோதிமேரி தக்கையைப் பார்த்தாள். "வள்ளத்துக்கு யாராச்சும் வார்னிஷ் அடிப்பாகளாலே? மீனெண்ணெயப் போடு" என்றாள். போட்டான். மரம் குடித்தது, மினுமினுத்தது. கிட்டார் தயாராகிவிட்டது. கொடுத்த வாக்கு தன் கழுத்துக்கே வந்துவிட்டதை அவள் அப்போதுதான் உணர்ந்தாள்.

கடல் வற்றியிருக்கும் நேரம் பார்த்துப் பூசை வைத்தார்கள். ஜோஸ்லின் வாசித்தாள், நன்றாகத்தான் இருந்தது. சாமியார் இறந்தவர்களின் பெயர்களை வாசித்து வியாகுலத்திடம் வந்தபோது, கடல் ஏறாமலே கிட்டாரில் தண்ணீர் ஏறியது. கம்பிகள் ஊமையாயின. மீன் வாடையில் கோயிலே திகைத்து உட்கார்ந்திருக்க, ஜோதிமேரி எழுந்தாள்.

"சாமி, அவுக இன்னும் தொழில்லதான் இருக்காக. கடலுக்குப் போனவுகளுக்கு வேண்டுவீகள்ல, அதுல பேரச் சேத்துக்கங்க."

சாமியார் கிட்டாரைப் பார்த்தார், கொட்டுகிற தண்ணீரைப் பார்த்தார், சேர்த்துக்கொண்டார். தண்ணீர் நின்றது.

இப்போதும் ஞாயிறுதோறும் அந்தப் பெயரைக் கடலுக்குப் போனவர்களோடுதான் வாசிக்கிறார்கள். பூசை நேரத்தைக் கடலைப் பார்த்து முடிவுசெய்கிறார்கள். தக்கையைப் பிடுங்கி வடிக்கிற தண்ணீரில் ஜோதிமேரி கருவாட்டுக்கு மீன் ஊறப்போடுகிறாள். என்றைக்காவது கிட்டாரில் தண்ணீர் ஏற நேரமானால், வாசலுக்கு வந்து கடலைப் பார்த்து நிற்கிறாள். ஏறியதும் உள்ளே போய் உலை வைக்கிறாள்.